பட்டைக் கொட்டகை இருமல்

ஆம்பூரில் மூக்கடைத்தவனைப் பார்த்து யாரும் பரிதாபப்பட மாட்டார்கள். "குடுத்து வெச்ச ஆளுய்யா நீ" என்பார்கள். ரயில் எங்கள் ஊரை நெருங்கும்போதே பெங்களூர் போகிற துரைமார்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கைக்குட்டையை எடுப்பார்கள். ஊறப் போட்ட தோல், தோலின் மயிரை உதிர்க்கிற சுண்ணாம்புக் குழி, சீவி எறிந்த சவ்வு எல்லாம் சேர்ந்து பாலாற்றங்கரை முழுக்க ஒரு வாடை நிற்கும். அது எப்படிப்பட்ட வாடை என்று என்னைக் கேட்காதீர்கள். பாதி ஆயுசை அதன் நடுவில் கழித்தவன் நான். ஆனால் அதை முகர்ந்து வெகுகாலம் ஆகிறது.

தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்போம். எங்கள் ஷாப்பில் நான் பட்டைக் கொட்டகை மேஸ்திரி. ஆவாரம்பட்டை கட்டுக்கட்டாக வண்டியில் வந்து இறங்கும். பெண்கள் வரிசையாக நின்று உலக்கையால் இடிப்பார்கள். அந்தத் தூளைத் தண்ணீரில் கலந்து அதில் ஊறப் போட்டால்தான் தோல் அழுகாமல் நிற்கும். தூளில் பாதி தொட்டிக்குப் போகும். மீதிப் பாதி மேஸ்திரிக்கு.

எனக்கு வியாதி ஒன்றல்ல, இரண்டு. மேலே பீனிசம், கீழே இரைப்பு. பீனிசம் என்றால் வெறும் ஜலதோஷம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜலதோஷம் விருந்தாளி, வந்தால் போய்விடும். இது வீட்டோடு மாப்பிள்ளை. கன்னத்துக்குள்ளும் புருவத்துக்கு மேலும் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினது போல எப்போதும் ஒரு கனம். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். வீட்டு ஜெபத்தில் முழங்காலிட்டுத் தலையைக் குனிந்தால் நெற்றிக்குள் ஒரு அம்மிக்குழவி உருண்டு முன்னால் வரும். அதனால் நான் தலை நிமிர்ந்தே ஜெபம் பண்ணுவேன். பார்க்கிறவர்கள் ஆண்டவரிடம் எனக்கு ஏதோ வாக்குவாதம் என்று நினைத்தார்கள். அதுவும் உண்மைதான்.

இரைப்பு காலையில் வரும். கண் விழித்து உட்கார்ந்ததும் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்த ஆரம்பிக்கும். பிறகு இருமல். கோழி கூவுவதற்கு முன்னால் நான் கூவிவிடுவதால் எங்கள் தெருவில் யாரும் கடிகாரம் வாங்கவில்லை.

இரண்டு வியாதியும் ஒரே உடம்பில் இருக்கிறதே, ஒற்றுமையாகவாவது இருக்கக் கூடாதா? மூக்குக்கு நல்லது நெஞ்சுக்கு ஆகாது. நெஞ்சுக்கு நல்லது மூக்குக்கு ஆகாது. ஒருவர் மூக்குப்பொடி போடச் சொன்னார். மூக்கு சற்றே திறந்தது, நெஞ்சு முழுசாக அடைத்தது. இன்னொருவர் ஊமத்தை இலையைக் காய வைத்துச் சுருட்டிப் புகைக்கச் சொன்னார். நெஞ்சு லேசானது, மூக்கு செங்கல்லாகிப் போனது. போதாததற்கு எதிர்ச் சுவர் என் பக்கம் நடந்து வருவது போல இருந்தது. விரலி மஞ்சளைச் சுட்டு அந்தப் புகையை இழுத்தேன். தும்பைப்பூச் சாற்றை மூக்கில் விட்டேன். சுக்கை அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு ஷாப்புக்குப் போனேன். "இன்னா மேஸ்திரி, எப்ப மதம் மாறினீங்கோ?" என்று பட்டை இடிக்கிற பெண்கள் சிரித்தார்கள். பார்க்கிற ஒவ்வொருவரும் வைத்தியர். தெருவில் போகிற ஜட்காக்காரன்கூட வண்டியை நிறுத்தி மருந்து சொல்லிவிட்டுத்தான் போவான். எந்த மருந்துக்கும் வியாதி கேட்கவில்லை. மூக்கை எவ்வளவு சிந்தினாலும் உள்ளே பாக்கி இருந்தது.

இதோடு நின்றிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு அக்கா இருந்தார். கெட்டவர் இல்லை. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் கஞ்சி அவர் வீட்டிலிருந்துதான் போகும். அதனால்தான் அவர் சொன்னால் எடுபடும். ஒரு நாள் அவர் வீட்டில் தண்ணீர் கேட்டேன். எல்லோருக்கும் கொடுக்கிற பித்தளை டம்ளரை எடுத்தவர், அதை வைத்துவிட்டு, அடுப்பு மேட்டு மூலையிலிருந்து ஒரு தகர டம்ளரை எடுத்துக் கழுவிக் கொடுத்தார். மறுபடி போனபோதும் அதே டம்ளர். அதில் எனக்காக ஒரு நூல் கட்டியிருந்தது, வீட்டில் யாரும் மறந்து குடித்துவிடாமல் இருக்க.

சயம் என்று ஒரு வார்த்தையை அந்தக் காலத்தில் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். நெஞ்சை அரித்துக் குடும்பத்தோடு கொண்டுபோகிற காசநோய். சொல்லாமலே நம்மை அந்த வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். கோயிலில் என் பெஞ்சில் எனக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது. அதையும் நான் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன். காலை நீட்டிக்கொண்டு பிரசங்கம் கேட்பது ஒரு சுகம்.

என் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோதுதான் வேடிக்கை போயிற்று. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், பாட்டு நன்றாக வரும், முகமும் அவள் அம்மா மாதிரி, என் மூக்கு இல்லை. முதலில் வந்தவர்கள் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். பலகாரம் சாப்பிட்டார்கள். நான் ஒரே ஒரு முறை இருமினேன். ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் சொல்லியனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்து வந்தவர்கள் எங்கள் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. தெருவில் விசாரித்துவிட்டு அப்படியே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள்.

என் மனைவி அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏங்க, கல்யாணம் முடியற வரைக்குமாவது இருமாம இருக்க முடியாதா?"

"நான் இன்னா ஆசைப்பட்டா இருமறேன்?"

"வேற யார் ஊட்லயும் இப்படி இல்லியே."

"வேற யார் ஊட்லயும் பட்டை மேஸ்திரி இல்லியே."

"இந்த வாய்க்கு மட்டும் ஒரு அடைப்பு வர மாட்டேங்குது" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பேரணாம்பட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் காட்பாடி ரயில் ஷெட்டில் பிட்டர். அவன் அப்பா பேரணாம்பட்டு ஷாப்பு ஒன்றில் சுண்ணாம்புக் குழி மேஸ்திரி. பெண்ணின் பாட்டை ஏதோ சபைக் கன்வென்ஷன் கூட்டத்தில் பையனின் அம்மா கேட்டிருக்கிறார். இதைவிட நல்ல இடம் எங்களுக்கு வராது. இதுவும் போனால் ஊர் முழுக்கச் சயவீடு என்று முத்திரை விழுந்துவிடும், பிறகு யாருமே படியேற மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும், எதையும் காட்டிக்கொள்ளாமல் தினமும் காலையில் எனக்கு நொச்சி இலைப் பானையைக் கொதிக்க வைத்துக் கொடுத்த என் மகளுக்கும் தெரியும்.

பையனின் அப்பா முதலில் என்னை மட்டும் தனியாகப் பார்த்துப் பேச வருவதாகச் சொல்லியனுப்பினார். வீட்டில் உட்கார வைத்தால் என் இருமல் ஒன்றுதான் கேட்கும். யோசித்து யோசித்து எனக்கு ஒரு மகா யோசனை வந்தது. பட்டைக் கொட்டகை! உலக்கை விழ ஆரம்பித்துவிட்டால் அங்கே இருமாதவன் எவன்? வருகிறவனும் இருமுவான், போகிறவனும் இருமுவான், வண்டி மாடுகூடச் செருமும். பத்தோடு பதினொன்றாக என் இருமலும் போய்விடும். 'வேலை ஜாஸ்தி, வீட்டுக்கு வர நேரமில்ல, தயவுபண்ணி ஷாப்புலயே பாத்துக்கலாம்' என்று சொல்லியனுப்பினேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். 'ரொம்ப நல்லதாப் போச்சு, கொட்டகையிலயே உக்காந்து பேசலாம்' என்று உடனே பதில் வந்தது. என்ன தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷாப்பில் தோலை ரகம் பிரிக்கிற பாய் ஒருவர் என் தோஸ்த். அவரிடம் மட்டும் சொல்லிவைத்தேன். சயம், இருமல் என்றெல்லாம் விளக்க எனக்கு வெட்கம். "பாய், சம்பந்தம் பேச ஆள் வர்றாரு. கொட்டகையிலதான் உக்காரப் போறோம். கொஞ்சம் பாத்துக்கோ" என்றேன்.

"நீ கவலையே படாத. நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கு நான் ஸ்டேஷனுக்குப் போய்ப் பையனின் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தேன். நல்ல உயரம், பெரிய மீசை, தோளில் வெள்ளைத் துண்டு. வழியெல்லாம் இருவரும் அதிகம் பேசவில்லை. வாயைத் திறந்தால் என்ன வெளியே வரும் என்று எனக்குப் பயம். அவரும் உம்மென்றே வந்தார், கௌரவமான ஆள் என்று எடுத்துக்கொண்டேன். கொட்டகை வாசலில் வந்து நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

உள்ளே தரை முழுக்கத் தண்ணீர் தெளித்துப் பெருக்கியிருந்தது. பட்டைக் கட்டுகளை மூலையில் அடுக்கி மேலே சாக்குப் போர்த்தியிருந்தது. உலக்கைகள் சுவரில் சாத்தியிருந்தன. நடுவில் ஆபீசிலிருந்து கொண்டுவந்த இரண்டு நாற்காலிகள். ஓரத்தில் பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு கல்யாணம் பார்க்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். பாய் தலையில் புதுக் குல்லா வைத்துக்கொண்டு நின்றார்.

நான் அவரை ஓரமாக இழுத்தேன். "இன்னா பாய் இது?"

"நீதான சொன்ன, பாத்துக்கோன்னு. சம்பந்தி ஒக்கார்ற எடம் தூசும் தும்புமா இருந்தா உனுக்குத்தான் கேவலம். முதலாளியாண்ட சொல்லிட்டு இடிக்கிறதயே நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டியா!"

"சும்மா பேஜார் பண்ணாத. நல்லா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். வந்தவர் வாசலிலேயே நின்று சுத்தமான தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் என் முகத்தைவிட வாடியிருந்தது. "இன்னிக்கு... இடிக்கலியா?" என்று கேட்டார்.

"உங்களுக்காக நிறுத்திட்டோம்" என்றார் பாய் பெருமையாக.

உட்கார்ந்தோம். மழை உண்டா, தோல் விலை எப்படி, ரயிலில் கூட்டமா என்று பேசினோம். எனக்குத் தொண்டைக்குப் பின்னால் மேலிருந்து ஏதோ சொட்ட ஆரம்பித்தது. இது என் பழைய ஸ்நேகிதன். சொட்டுவான், அரிப்பான், பிறகு கீழே இறங்கிப் பூனைக்குட்டியை எழுப்புவான். மூச்சைப் பிடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த நேரம் எதிர் நாற்காலியிலிருந்து ஒரு இருமல் கேட்டது. கொஞ்சமாக ஆரம்பித்து, மீசை துடிக்க, தோள் குலுங்க, நாற்காலியே நகர்ந்துவிட்டது.

"பட்டத் தூசு" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "எனுக்குப் பழக்கமில்ல பாருங்க."

நான் பிடித்திருந்ததை விட்டேன். அவர் இருமல் உலக்கை என்றால் என்னுடையது அம்மியும் குழவியும். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க. தூசு ஜாஸ்தி" என்றேன்.

ஓரத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெண் ஒருத்தி தரையைத் தடவி விரலைக் காட்டினாள். "இன்னா தூசு மேஸ்திரி? கொடம் கொடமா தண்ணி ஊத்திக்கீறோம். கோலம் போடலாம் போலக் கீது. எங்க யாருக்கும் இருமல் வரல, உங்க ரெண்டு பேருக்கும் மட்டும் எங்கேர்ந்து வருது?"

கொட்டகையே சிரித்தது. நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் ஏன் கொட்டகை என்றதும் அவ்வளவு சந்தோஷமாக ஒத்துக்கொண்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் ஏன் கூப்பிட்டேன் என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உங்களுக்கு மூக்கா, நெஞ்சா?"

"மூக்குல ஆரம்பிச்சு நெஞ்சுல முடியுதுங்க. உங்களுக்கு?"

"சுண்ணாம்புக் குழி பாருங்க. நெஞ்சுல ஆரம்பிச்சு மூக்குக்குப் போவுது."

"நொச்சி ஆவி புடிக்கிறீங்களா?"

"ஐயோ, அத உட்டா ஏது? தும்பப்பூ?"

"எரிச்சல்தான் மிச்சம்."

"அதேதான்! அதேதான்!" என்று தொடையில் தட்டினார். இத்தனை வருஷத்தில் எனக்கு மருந்து சொல்லாமல் என் வியாதியைக் கேட்ட முதல் மனுஷன் அவர்தான். வெயில் தாழ்கிற வரைக்கும் பேசினோம். பெண், பையன் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவர் ரயில் ஏறின பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வெற்றிலை போட்ட வாய் சும்மா இருக்குமா? கொட்டகையில் நடந்தது எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ஆளுக்குச் சயமாமே! தெரிஞ்சே எப்படிங்க பொண்ணக் குடுக்கறது?"

"உனுக்கு யார் சொன்னா சயம்னு? இருமனா சயமா?"

"பின்ன?"

"அப்ப எனுக்கு?"

"உங்களுக்கு வெறும் மூக்கு."

இத்தனை வருஷம் நான் தெருத்தெருவாகச் சொல்லி ஒருத்தரும் நம்பாத வாதத்தை, என் மனைவி ஒரே மூச்சில் எனக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு மறுத்துவிட்டாள். அதே நேரம் பேரணாம்பட்டில் பையனின் அம்மா, 'அந்த ஆம்பூர்க்காரருக்குத்தான் சயம், நம்ம ஊட்டுக்காரருக்கு வெறும் சுண்ணாம்பு' என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இரண்டு வீடும் பின்வாங்கத் தயாராக நின்றன.

அன்றைக்குத்தான் என் மகள் முதல் முறையாக வாயைத் திறந்தாள். நொச்சிப் பானையை இறக்கி வைத்துவிட்டு, "அப்பா, நீங்க இருமாதீங்கன்னு நான் சொல்லல. இன்னா வியாதின்னு ஒருவாட்டி போய்த் தெரிஞ்சுக்குங்க. சயம்னா சயம்னு தெரியட்டும். எனுக்குக் கல்யாணம் ஆவலன்னாலும் பரவால்ல, ஊரு உங்களுக்குத் தனி டம்ளர் வெக்கிறது போதும்" என்றாள். எதிர்வீட்டுத் தகர டம்ளர் விஷயம் அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் ஜோக் ஒன்றும் சொல்லவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆவிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அங்கே இருந்தால் கண்ணில் தண்ணீர் வருவதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

பையனின் அப்பாவும் நானும் சேர்ந்தே வேலூருக்குப் போனோம். காட்பாடியில் இறங்கி ஜட்கா பிடித்துப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினோம். பின்னால் நாங்கள் மாற்றி மாற்றி இருமுவதைக் கேட்டு ஜட்காக்காரன் குதிரையை விரட்டினான். எங்கள் மேல் இரக்கத்தாலா, எங்களைச் சீக்கிரம் இறக்கிவிட வேண்டுமென்றா, தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. எங்களை விடத் திருத்தமாகத் தமிழ் பேசினார். எங்கள் இருவர் சளியையும் சின்ன டப்பாக்களில் வாங்கிக்கொண்டார். சயப்பூச்சி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பார்களாம். பிறகு என்னை இருட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், வாயில் ஒரு குட்டி விளக்கை வைத்து வாயை மூடச் சொன்னார். அதுவரை என்னைப் பலர் வாய்க்கு அளவில்லாதவன் என்று சொல்லியிருக்கிறார்கள். லாந்தர் மாட்டினது அவர் ஒருவர்தான்.

"நல்லா இருக்கிற மனுஷருக்கு ரெண்டு கன்னமும் செவப்பா வெளிச்சம் காட்டும். உங்களுக்கு ரெண்டும் இருட்டு" என்றார். "முகத்து எலும்புக்குள்ள வெறும் காத்து இருக்க வேண்டிய அறைங்க எல்லாம் சீழ் கட்டிக் கெடக்கு. படுக்கும்போது அது பின்பக்கமா நெஞ்சுக்குள்ள எறங்குது. மேல்மாடி ஒழுகினா கீழ்வீடு ஊறத்தானே செய்யும்?"

மூக்குக்கு ஒரு வைத்தியர், நெஞ்சுக்கு ஒரு வைத்தியர் என்று அலைந்தேனே, இரண்டும் ஒரே கட்டிடம் என்று சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போயிற்றே என்று எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

"அப்ப சயம் இல்லீங்களா?"

"அத நான் சொல்ல முடியாது. சளியப் பாத்துட்டுத்தான் சொல்லணும். அடுத்த வாரம் வாங்க."

அந்த வாரத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியவில்லை. வேடிக்கைக்காரனுக்கு அப்படி ஒரு வாரம் வரக் கூடாது. வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளரை நானே எடுத்து வைத்துக்கொண்டேன். எதிர்வீட்டு அக்கா மாதிரியே அதில் நூலும் கட்டினேன். மகள் பானையைக் கொண்டுவந்தால் "அங்கியே வெச்சுட்டுப் போ" என்றேன். அவள் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். போ என்றால் போகிற பெண் இல்லை அவள். அதுவும் அவள் அம்மா மாதிரிதான்.

மறுவாரம் போனோம். எனக்குப் பூச்சி இல்லை. அவருக்கும் இல்லை. அவருக்கு இரைப்பு, எனக்குப் பீனிசத்தோடு நெஞ்சுக்குழாய் கெட்டுப் போனது. நான் டாக்டரம்மாவின் காலில் விழப் போனேன். குனிந்ததும் நெற்றிக்குள் குழவி உருண்டது, அப்படியே நிமிர்ந்துவிட்டேன்.

"அப்ப குணமாயிடும் இல்லீங்களா?"

"ஆகாது" என்றார். "கழுவி விடலாம். கொஞ்ச நாள் லேசா இருக்கும். மறுபடி கட்டும். தூசுல வேலய விட முடியுமா?"

"விட்டா சாப்பாடு?"

"அப்ப இதோடதான் இருக்கணும்."

அன்றைக்கே மூக்கு வழியாக ஊசி விட்டுக் கன்னத்தைக் கழுவினார்கள். அந்தச் சத்தத்தை விவரிக்க மாட்டேன், நீங்கள் சாப்பிட்டுவிட்டு இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். சாகடிக்கிற வியாதி இல்லை, விட்டுப் போகிற வியாதியும் இல்லை. என்னத்தைச் சொல்ல! அழுதாலும் மூக்குத்தான் அடைக்கும்.

இரண்டு வீட்டுப் பெண்களும் ஒருவழியாக நம்பினார்கள். கல்யாணம் நிச்சயமாயிற்று. எதிர்வீட்டு அக்கா மட்டும் நம்பவில்லை. "டாக்டருங்க முகத்துக்கு நேரா சொல்ல மாட்டாங்க. எங்க சின்னம்மாவுக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க" என்றார். அவர் சின்னம்மா அந்த வருஷமே போய்விட்டாராம். அவர் மனசில் இருந்தது விரோதம் இல்லை, பயம். அதை என்ன சொல்லி மாற்றுவது?

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை படிப்பார்கள். இன்னாரின் மகளுக்கும் இன்னாரின் மகனுக்கும் விவாகம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று படித்துவிட்டு, எங்கள் ஐயர், அதாவது போதகர், சற்று நேரம் சும்மா நிற்பார். கோயில் முழுக்க ஊசி விழுந்தால் கேட்கும். அந்த மௌனத்தில் சாதாரண ஆளுக்கே தொண்டை கரகரக்கும்.

முதல் ஞாயிறு அந்த மௌனத்தில் நான் இருமிவிட்டேன். ஐயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பெண்ணின் தகப்பனாருக்கே ஆட்சேபணையா?" என்றார். கோயில் சிரித்தது. இரண்டாம் ஞாயிறு வாயில் துண்டை அடைத்துக்கொண்டு தப்பித்தேன். மூன்றாம் ஞாயிறு சம்பந்தி குடும்பமே பேரணாம்பட்டிலிருந்து வந்துவிட்டது. சம்பந்தி என் பெஞ்சில் என்னை ஒட்டி உட்கார்ந்தார். பல வருஷத்துக்குப் பிறகு எனக்குக் காலை நீட்ட இடமில்லை. சம்பந்தியம்மா பெண்கள் பக்கம் எதிர்வீட்டு அக்காவுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தார். அக்கா முகத்தில் ஒரு தீர்மானம் இருந்தது. காலையிலேயே என் மனைவியிடம், "நான் மனசாட்சிக்குப் பயந்தவ, தெரிஞ்சத சொல்லாம இருந்தா பாவம்" என்று சொல்லியிருந்தார். சட்டப்படி அது ஆட்சேபணை ஆகாது. ஆனால் சபை நடுவில் சயம் என்று ஒரு வார்த்தை விழுந்தால், ஏற்கெனவே அரைமனசாக இருந்த சம்பந்தியம்மா அப்படியே எழுந்து ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்.

ஐயர் படித்தார். நிறுத்தினார். மௌனம்.

அக்கா பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஆரம்பித்தார். பாட்டுக்காரர்கள் வரிசையில் என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத் தொண்டைக்குப் பின்னால் சொட்டியது.

இருமினேன். கொட்டகையில் இருமினது ஒன்றுமே இல்லை. பெஞ்சு ஆடியது. அக்கா வாயைத் திறந்தார், சத்தம் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்தார். நான் மூச்சு வாங்கினேன். அவர் மறுபடி வாயைத் திறந்தார். நான் மறுபடி ஆரம்பித்தேன். கடைசியில் என் மூச்சு தீர்ந்துபோன இடத்தில், பக்கத்திலிருந்து சம்பந்தி எடுத்துக்கொண்டார். சுண்ணாம்புக் குழியின் அடியிலிருந்து வருகிற இருமல். அவர் முடிக்கும் முன் பின் பெஞ்சில் யாரோ தொடங்கினார்கள். சபையில் பாதிப் பேர் ஷாப்புக்காரர்கள்தானே, யாருக்கு இல்லை? பட்டை, சுண்ணாம்பு, ரோமம் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இருமல் உண்டு. ஒருவர் ஆரம்பித்தால் அடுத்தவருக்குத் தொண்டை அரிக்கும்.

ஐயர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "ஆட்சேபணை இல்லாதபடியால்" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார். அக்கா நின்றுகொண்டே சுற்றிப் பார்த்தார். அத்தனை பேரும் சயக்காரர்கள் என்றால் ஊரில் மிச்சம் யார்? மெதுவாக உட்கார்ந்துவிட்டார். சம்பந்தியம்மா ஒன்றும் அறியாதவராக அவருக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் சம்பந்தி என் விலாவில் இடித்தார். "ரெண்டாவது வாட்டி இருமுனீங்களே, அது நெசமா, நடிப்பா?"

"நீங்க?"

"நான் மொதல்ல கேட்டேன்."

"எனுக்கு மூக்கு அடச்சிருக்கு, காது கேக்கல" என்றேன்.

முதல் இருமல் தானாக வந்தது. சத்தியம். அதற்குப் பிறகு வந்ததை நான் நிறுத்தியிருக்க முடியுமா என்று எனக்கே தெரியாது. கல்யாணத்தன்று பாய் பொறுப்பில் பிரியாணி. தெரு முனையிலேயே வாசனை ஆளை இழுக்கிறது என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். இருக்கலாம். நானும் சம்பந்தியும் அப்போது புழக்கடையில் ஒரே கம்பளிக்குள் ஒரே நொச்சிப் பானைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, யாருக்கு முதலில் மூக்குத் திறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இருவருக்கும் திறக்கவில்லை.